கன்ட்ரோலருடன் வைஃபையா, கன்ட்ரோலர் இல்லாமலா? மதுரை நிறுவனங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் துணிக்கடை, தங்கும் விடுதி, மருத்துவமனை, கிட்டங்கி என்று பலதரப்பட்ட இடங்களுக்கு வைஃபை அமைத்துத் தரும் பணியில் நாங்கள் இருக்கிறோம். புதுக் கட்டடம் எழுப்புவோரும் பழைய அமைப்பை மாற்ற நினைப்போரும் எங்களிடம் முதலில் கேட்பது, கன்ட்ரோலர் வாங்க வேண்டுமா என்பதுதான். விலைப்பட்டியலை மட்டும் வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது. அமைப்பு நின்றுபோகும் நாளில் எந்த வேலை முடங்கும், அதைச் சரிசெய்ய யார் வருவார் என்பதை முன்கூட்டியே யோசித்தவர்களுக்கே சரியான தேர்வு அமைகிறது என்பது எங்கள் அனுபவம். கீழே உள்ள விடைகளை அந்தக் கோணத்திலிருந்தே எழுதியிருக்கிறோம்.

கன்ட்ரோலர் என்னதான் வேலை செய்கிறது?

ஒரு கட்டடத்தில் பத்து ஆக்சஸ் பாயின்ட்டுகள் (வைஃபை அலைபரப்பும் கருவிகள்) இருப்பதாக வைத்துக்கொள்வோம். எது எந்தச் சேனலில் இயங்க வேண்டும், எவ்வளவு வலுவாக அலைபரப்ப வேண்டும், எந்தச் சாதனத்தை உள்ளே அனுமதிக்க வேண்டும், பாஸ்வேர்டை மாற்றினால் பத்திலும் ஒரே நேரத்தில் எப்படி மாறும் என்ற முடிவுகளை யாராவது எடுத்தாக வேண்டும். தொடக்கக் காலத்தில் ஒவ்வொரு ஆக்சஸ் பாயின்ட்டுக்குள்ளும் தனித்தனியாக நுழைந்து இவற்றை அமைத்தார்கள். பிறகு, முடிவுகளை எல்லாம் ஒரே பெட்டியில் குவித்துவிட்டு, ஆக்சஸ் பாயின்ட்டை அந்தப் பெட்டியின் சொல்படி நடக்கும் ரேடியோவாக மட்டும் வைத்துக்கொள்ளும் வடிவமைப்பு வந்தது. அவ்வகையில் முன்னோடியாக இருந்த ஏர்ஸ்பேஸ் நிறுவனத்தை 2005இல் சிஸ்கோ வாங்கியது. பெட்டிக்கும் ஆக்சஸ் பாயின்ட்டுக்கும் இடையிலான பேச்சுக்கு 2009இல் கேப்வாப் என்ற பொது விதிமுறை வெளியானது. அதில் கட்டளைகள் யூடிபி 5246ஆம் போர்ட்டிலும் (தரவு செல்லும் எண்ணிட்ட வாசல்) பயனரின் தரவு 5247ஆம் போர்ட்டிலும் செல்கின்றன.

இந்த இரண்டு போர்ட்டுகளின் வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பின்னால் வரும் பல விடைகள் அதையே சார்ந்திருக்கின்றன. கட்டளை மட்டும் கன்ட்ரோலரிடமிருந்து வருவது ஒரு முறை. பயனரின் தரவு முழுவதும் கன்ட்ரோலர் வழியாகவே போய்வருவது இன்னொரு முறை. இரண்டாவது முறையில், மூன்றாம் மாடியில் இருக்கும் மடிக்கணினி தன் பக்கத்து மேசைப் பிரின்டருக்கு ஒரு தாளை அனுப்பினாலும், அந்தத் தரவு தரைத்தளத்தில் உள்ள கன்ட்ரோலர் வரை இறங்கி மறுபடியும் மேலே ஏறி வரும்.

கன்ட்ரோலர் இல்லாத அமைப்பு என்றால் கட்டுப்படுத்த எதுவுமே இல்லை என்று பொருளா?

இல்லை. சந்தையில் இந்த ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு பொருள்கள் விற்கப்படுவதால்தான் குழப்பம் வருகிறது.

முதலாவது, தனித்தனி ஆக்சஸ் பாயின்ட்டுகள். ஒன்றுக்கொன்று தொடர்பே கிடையாது. இரண்டு மூன்று வரை சமாளிக்கலாம். அதற்குமேல் ஒரு பாஸ்வேர்டை மாற்றுவதே அரைநாள் வேலையாகிவிடும்.

இரண்டாவது, ஆக்சஸ் பாயின்ட்டுகள் தமக்குள் ஒன்றைத் தலைமையாகத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் முறை. அருபா இன்ஸ்டன்ட், ரக்கஸ் அன்லீஷ்டு ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. தலைமை வகிக்கும் ஆக்சஸ் பாயின்ட் பழுதானால் வேறொன்று அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும்; பயனர்களின் தரவு எந்த ஒரு தனிப் பெட்டியின் வழியாகவும் சுற்றிவர வேண்டியதில்லை.

மூன்றாவது, கட்டுப்பாட்டுத் திரை இணையத்தில் இருக்கும் கிளவுட் முறை. 2012இல் சிஸ்கோ வாங்கிய மெராக்கி இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. உங்கள் இடத்தில் கன்ட்ரோலர் பெட்டி இருக்காது. ஆனால் நிர்வாகம் முழுவதும் வேறோர் இடத்தில் இருக்கும் சர்வரையும், பெரும்பாலும் ஆண்டுச் சந்தாவையும் நம்பியிருக்கும்.

யூனிஃபை, ஒமாடா ஆகிய வைஃபை தயாரிப்புகளுக்கு விற்கப்படும் சிறிய கன்ட்ரோலர் பெட்டிகளைப் பற்றியும் இங்கே ஒரு சொல். அவை பெயரளவில் கன்ட்ரோலர் என்றாலும் வழக்கமான அமைப்பில் பயனரின் தரவு அவற்றின் வழியாகச் செல்வதில்லை. அமைப்புகளை எழுதிக் கொடுப்பதும் கணக்கெடுப்பதுமே அவற்றின் வேலை. ஆகவே விற்பனையாளர் "கன்ட்ரோலர் உண்டு" என்றோ "இல்லை" என்றோ சொன்னால் அத்துடன் நிறுத்திக்கொள்ளாமல், தரவு எந்த வழியாகப் போகிறது என்று கேளுங்கள்.

எத்தனை ஆக்சஸ் பாயின்ட்டுக்கு மேல் போனால் கன்ட்ரோலர் கட்டாயம்?

எல்லோரும் எதிர்பார்ப்பது ஓர் எண்ணை; ஆனால் அப்படியோர் எண்ணைச் சொல்வது உங்களைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோகும். நாற்பது ஆக்சஸ் பாயின்ட்டுகள் கொண்ட ஒரு தங்கும் விடுதியில், விருந்தினர்கள் பெரும்பாலும் தத்தம் அறையில் படுத்துக்கொண்டு படம் பார்க்கிறார்கள். அங்கே கன்ட்ரோலர் பெட்டி இல்லாமலே நிம்மதியாக ஓடும். எட்டே ஆக்சஸ் பாயின்ட்டுகள் கொண்ட ஒரு மருத்துவமனையில், செவிலியர்கள் வைஃபை தொலைபேசியைக் காதில் வைத்தபடி வார்டுக்கும் அறுவை அரங்குக்கும் இடையே நடக்கிறார்கள். அங்கே ரோமிங்கை, அதாவது ஒரு ஆக்சஸ் பாயின்ட்டிலிருந்து அடுத்ததற்குத் தாவுவதை, துல்லியமாகக் கவனிக்கும் அமைப்பு வேண்டும். தாமாகத் தலைமையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் முறையில் ஒவ்வொரு தயாரிப்புக்கும் மாடலுக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு என்பது உண்மை. அதைத் தரவுத்தாளில் பார்த்து, இன்னும் ஐந்தாண்டுகளில் நீங்கள் எட்டக்கூடிய எண்ணிக்கையுடன் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஒரே வளாகத்தில் பல கட்டடங்கள், ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனி ஐபி வரம்பு (சாதனங்களுக்கு வழங்கும் முகவரிகளின் தொகுப்பு), ஆயிரக்கணக்கான மாணவர்கள், ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர்பெயர் என்று இயங்கும் கல்லூரிகளுக்கு நாங்கள் தயக்கமின்றிக் கன்ட்ரோலரைப் பரிந்துரைக்கிறோம். நகருக்குள் இருக்கும் கடைகளுக்கும் சிறு விடுதிகளுக்கும் அதே தயக்கமின்மையுடன் வேண்டாம் என்கிறோம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட இடங்களில்தான் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது.

கன்ட்ரோலர் நின்றுபோனால் வைஃபை முழுவதும் நின்றுவிடுமா?

சில அமைப்புகளில் நின்றுவிடும். சிலவற்றில் பயனருக்குத் தெரியவே தெரியாது. வாங்குவதற்கு முன் தெளிவாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவற்றுள் இதைவிட முக்கியமானது வேறில்லை என்று நாங்கள் கருதுகிறோம்.

விளக்குத்தூண் பகுதியில் உள்ள ஒரு துணிக்கடையிலிருந்து, தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாலை எங்களுக்கு அழைப்பு வந்தது. அந்த அமைப்பை நிறுவியவர்கள் வேறொருவர். அவர்களைத் தொடர்புகொள்ள முடியவில்லை. ஐந்து தளங்களிலும் விற்பனையாளர்கள் கையில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு பில் போடுவது அந்தக் கடையின் வழக்கம். நாங்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனபோது, எல்லாத் தளங்களிலும் ஆக்சஸ் பாயின்ட்டின் விளக்குகள் கன்ட்ரோலரைத் தேடி மினுக்கிக்கொண்டிருந்தன; பில் போடும் இடத்தில் கார்பன் தாள் வைத்துக் கையால் எழுதிக்கொண்டிருந்தார்கள். கன்ட்ரோலர் மாடிப்படிக்கு அடியில், அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் இருந்தது. அதன் காற்று உள்ளே போகும் வலைக்கண்ணில் துணிப் பஞ்சு ஒரு கம்பளித் துண்டைப் போல அடைத்திருந்தது. விரலால் இழுத்தபோது முழுத் தகடாகவே கையோடு வந்தது. உள்ளே வெப்பம் ஏறியதால் பெட்டி தானாகவே அணைந்திருக்கிறது.

பஞ்சைத் துடைத்து, ஆற வைத்து, மறுபடியும் இயக்கியபின் எல்லாம் சரியாயிற்று. ஆனால் உண்மையான குறை பஞ்சில் இல்லை. தரவு முழுவதையும் கன்ட்ரோலர் வழியாகவே அனுப்பும் முறையில் அமைத்துவிட்டு, மாற்றாக இரண்டாவது கன்ட்ரோலர் வைக்காமல் விட்டதே குறை. அந்த முறையில் கன்ட்ரோலருடன் தொடர்பு அறுந்தவுடன் ஆக்சஸ் பாயின்ட் தன்னிடம் இணைந்திருக்கும் சாதனங்களைக் கைவிட்டுவிடும்.

இதைத் தவிர்க்க வழிகள் உண்டு. ஜோடியாக இரண்டு கன்ட்ரோலர்களை வைக்கலாம். அல்லது, சிஸ்கோவில் ஃபிளெக்ஸ்கனெக்ட் என்று சொல்லப்படும் முறையைப் போல, தரவை ஆக்சஸ் பாயின்ட்டிலிருந்து நேராக அருகிலுள்ள சுவிட்சுக்கு இறக்கிவிடலாம். அப்போது கன்ட்ரோலர் இல்லாத நேரத்திலும் இணைந்திருப்பவர்கள் இணைந்தே இருப்பார்கள். பொதுவான ஒரே பாஸ்வேர்டு முறையில் புதியவர்களும் சேர முடியும். ஒவ்வொருவரையும் ரேடியஸ் சர்வரில் சரிபார்க்கும் முறையில், அந்தச் சர்வரை எட்டும் வழி தனியாக இருந்தால் மட்டுமே புதியவர்கள் சேர முடியும். யூனிஃபை போன்றவற்றில் கன்ட்ரோலரை அணைத்தாலும் வைஃபை ஓடும். ஆனால் அதில் இயங்கும் விருந்தினர் நுழைவுப் பக்கம் நின்றுவிடும்.

கிளவுட் முறை என்றால், இன்டர்நெட் போகும்போது என்ன ஆகும்?

கடைசியாகப் பெற்ற அமைப்புகளை வைத்துக்கொண்டு ஆக்சஸ் பாயின்ட்டுகள் தொடர்ந்து இயங்கும். கட்டடத்துக்குள்ளேயே இருக்கும் பில்லிங் சர்வரையும் பிரின்டரையும் பயன்படுத்தலாம். அமைப்புகளை மாற்றவும், கிளவுடில் உள்ள நுழைவுப் பக்கத்தைத் திறக்கவும் மட்டும் இயலாது.

அதைவிடக் கவனிக்க வேண்டியது சந்தா. எல்லா உரிமங்களும் ஒரே நாளில் முடியும் மெராக்கியின் கோ-டெர்ம் உரிம முறையில், காலாவதியாகி 30 நாள் சலுகைக் காலமும் கடந்துவிட்டால், சாதனங்கள் தரவைக் கடத்துவதையே நிறுத்திவிடும். வேறு நிறுவனங்களில் வைஃபை ஓடிக்கொண்டிருக்க, நிர்வாகத் திரை மட்டும் பூட்டப்படுவதுண்டு. உரிமம் முடியும் நாளைக் கணக்குப்பிள்ளையின் நாட்காட்டியிலும் குறித்து வைக்கச் சொல்வது எங்கள் வழக்கம், ஏனென்றால் நினைவூட்டல் மின்னஞ்சல் எப்போதோ வேலையை விட்டுப் போன ஒருவரின் முகவரிக்குப் போய்க்கொண்டிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறோம்.

நடந்துகொண்டே பேசும்போது தொடர்பு அறுகிறது. கன்ட்ரோலர் வாங்கினால் சரியாகுமா?

ஓரளவுக்கு மட்டும். ஒரு ஆக்சஸ் பாயின்ட்டை விட்டு அடுத்ததற்குத் தாவும் முடிவை எடுப்பது கன்ட்ரோலர் அன்று. கையில் இருக்கும் கருவிதான். ஐபோன், தன் சிக்னல் மைனஸ் 70 டிபிஎம்முக்குக் (சிக்னல் வலிமையின் அளவு) கீழே இறங்கிய பிறகே வேறிடம் தேடத் தொடங்குகிறது. ஆக்சஸ் பாயின்ட்டுகளின் பரப்புத் திறனை உச்சத்தில் வைத்துவிட்டால், அந்தக் கருவி தொலைவில் உள்ள பழைய ஆக்சஸ் பாயின்ட்டையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும். ஆகவே திறனைக் குறைத்து வைப்பதே பல இடங்களில் முதல் மருந்தாக இருக்கிறது.

தாவும்போது ஏற்படும் தாமதத்தைக் குறைக்க 802.11ஆர் என்ற தரநிலை 2008இலேயே வந்துவிட்டது. ஒவ்வொரு தாவலிலும் முழு அடையாளச் சரிபார்ப்பையும் தொடக்கத்திலிருந்து செய்யாமல், முன்பே உருவான சாவியைக் கொண்டு விரைவாகச் சேர்த்துக்கொள்வதே அதன் சாரம். அக்கம்பக்கத்தில் எந்த ஆக்சஸ் பாயின்ட்டுகள் உள்ளன என்பதைக் கருவிக்குத் தெரிவிக்க 802.11கே இருக்கிறது, வேறிடம் போகும்படி பரிந்துரைக்க 802.11வி இருக்கிறது. இவற்றைக் கன்ட்ரோலர் இல்லாத நல்ல அமைப்புகளும் தருகின்றன. ஆனால் சாவியை ஆக்சஸ் பாயின்ட்டுகள் தமக்குள் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஆகவே ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத தனி ஆக்சஸ் பாயின்ட்டுகளில் இதை எதிர்பார்க்க வேண்டாம். பழைய பார்கோடு ஸ்கேனர்களில் சில 802.11ஆர் இயக்கப்பட்ட வைஃபையில் சேரவே மறுக்கும் என்பதால், அவற்றுக்குத் தனி எஸ்எஸ்ஐடி (வைஃபை பெயர்) வைப்பது நல்லது.

கன்ட்ரோலர் உண்மையிலேயே முந்தி நிற்பது ஐபி வரம்பு மாறும் இடத்தில். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு நடக்கும்போது விலான் (ஒரே கேபிள் அமைப்புக்குள் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்) மாறி, ஐபி முகவரியும் மாறினால், போய்க்கொண்டிருக்கும் அழைப்பு அறுந்துவிடும். தரவைத் தன் வழியாக எடுத்துச் செல்லும் கன்ட்ரோலர், பயனர் எங்கே போனாலும் பழைய முகவரியையே அவரிடம் விட்டுவைக்கிறது. பல கட்டடங்கள் கொண்ட வளாகங்களுக்கு அதைப் பரிந்துரைக்க இதுவே முதன்மையான காரணம்.

எங்கள் பழைய கட்டடத்தில் சிக்னலே எட்டவில்லை. எந்த முறை உதவும்?

இரண்டுமே உதவாது. மாசி வீதிகளை ஒட்டிய பழைய வீடுகளில் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர்கள் முழங்கை நீளத்துக்குத் தடித்திருக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை அங்கே இரண்டு சுவர்களைத் தாண்டுவதற்குள் வலுவிழந்துவிடும். எத்தனை விலையுயர்ந்த கன்ட்ரோலரும் சுவரை மெலிதாக்காது. கேபிள் இழுத்து, தேவைப்படும் அறைக்கு அருகிலேயே ஆக்சஸ் பாயின்ட்டை வைப்பதுதான் வழி. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே என்பதால், நெருக்கமான கடைத்தெருவில் பக்கத்துக் கடைக்காரரின் வைஃபையும் உங்களுக்கு இடையூறுதான். இரு முறைகளிலும் சேனலைத் தானாகத் தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. அதை வியாபார நேரத்தில் மாற்ற விடாமல் இரவு நேரத்துக்கு ஒதுக்கி வையுங்கள்.

மீனாட்சியம்மன் கோயிலுக்கு அருகில் விடுதி நடத்துகிறோம். விருந்தினர் வைஃபைக்கு எது பொருந்தும்?

கன்ட்ரோலர் பெட்டி வேண்டியதில்லை. நுழைவுப் பக்கம் எங்கே இயங்குகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். கைபேசிக்கு ஓடிபி அனுப்பி அனுமதிப்பது பரவலான வழக்கம். அந்தக் குறுஞ்செய்தியை அனுப்ப, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி டிஎல்டி பதிவு (குறுஞ்செய்தி அனுப்பும் நிறுவனங்களைப் பதிந்துவைக்கும் முறை) வேண்டும் என்பதைப் பலர் கடைசி நேரத்தில்தான் அறிந்துகொள்கிறார்கள். மேலும், உங்களிடம் தங்குவோரில் மலேசியா, சிங்கப்பூர், இலங்கை எண்களை வைத்திருப்போர் கணிசமாக இருப்பார்கள். அவர்களுக்கு ஓடிபி பல நேரங்களில் வந்து சேராது. ஆகவே வரவேற்பறையில் அச்சிட்டுத் தரும் வவுச்சர் வசதியும் கூடவே இருக்கட்டும். இரவு பதினொரு மணிக்குக் குழந்தைகளுடன் வந்து இறங்கும் குடும்பத்தை ஒரு குறுஞ்செய்திக்காகக் காத்திருக்க வைப்பது நல்ல விருந்தோம்பல் ஆகாது.

இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் பதிவுகளை (லாக்) 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். தலைமை வகிக்கும் ஆக்சஸ் பாயின்ட்டின் நினைவகம் சிறியது. மின்சாரம் போய் வந்தால் பழைய பதிவுகள் அழிந்துவிடக்கூடும். எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும் பதிவுகளைத் தனியாகச் சேமிக்கும் சிஸ்லாக் சர்வர் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். விருந்தினர் விலானிலிருந்து உங்கள் பில்லிங் கணினிக்கு வழி இருக்கவே கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தோம். ஆனால் ஆய்வுக்குப் போகும் இடங்களில் இன்னும் பார்க்கிறோம் என்பதால் எழுதுகிறோம்.

மாதாந்திர மின்தடை நாட்களில் எது தாங்கும்?

மின்சாரம் திரும்பியவுடன் ஆக்சஸ் பாயின்ட்டுகளும் கன்ட்ரோலரும் ஒரே நேரத்தில் எழுந்தாலும், பெரிய கன்ட்ரோலர் முழுமையாகத் தயாராகச் சில நிமிடங்கள் கூடுதலாக எடுக்கும். அதுவரை அதை நம்பியிருக்கும் ஆக்சஸ் பாயின்ட்டுகள் காத்திருக்கும். யூபிஎஸ்ஸை வாங்கும்போது கணக்குப் போட்டு வாங்குங்கள். ஒவ்வொன்றும் 13 வாட் எடுக்கும் பத்து ஆக்சஸ் பாயின்ட்டுகளும் சுவிட்சும் சேர்ந்து ஏறத்தாழ 160 வாட் ஆகிறது. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று மட்டும் உள்ள சிறிய யூபிஎஸ்ஸில் இருப்பது 84 வாட்-மணி. அது அரை மணி நேரம்கூடத் தாங்காது. காலை முதல் மாலை வரை நீளும் பராமரிப்பு மின்தடைக்கு அது எந்த மூலைக்கு? சுவிட்சையும் இன்டர்நெட் மோடத்தையும் இன்வெர்ட்டர் வரிசையில் சேர்க்கச் சொல்லி மின்பணியாளரிடம் கட்டட வேலையின்போதே சொல்லிவிடுங்கள்.

எது மலிவு?

முதல் நாள் செலவில் கன்ட்ரோலர் இல்லாத முறையே பெரும்பாலும் மலிவு. ஆனால் ஐந்தாண்டுக் கணக்கை ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். கன்ட்ரோலர் பக்கத்தில் பெட்டியின் விலை, மாற்றுப் பெட்டியின் விலை, ஆக்சஸ் பாயின்ட் ஒவ்வொன்றுக்கும் உரிமம், ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் ஆகியவை வரும். கிளவுட் பக்கத்தில் பெட்டி இல்லை. ஆனால் சந்தா ஆண்டுதோறும் ஆக்சஸ் பாயின்ட் எண்ணிக்கையால் பெருகும். தலைமையைத் தாமே தேர்ந்தெடுக்கும் முறையில் இரண்டும் பெரும்பாலும் இல்லை. அதற்கு ஈடாக, பழுது வந்தால் நேரில் வந்து பார்க்கத் தெரிந்த ஒருவர் உள்ளூரிலேயே கிடைக்க வேண்டும்.

மேலூரிலும் திருமங்கலத்திலும் கிளைகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மதுரையில் ஒரே கன்ட்ரோலர் போதுமா?

போதும், ஆனால் கிளையின் தரவை மதுரைக்கு இழுத்துவராதீர்கள். மேலூர் கிளையில் ஒருவர் இணையத்தில் விலைப்பட்டியல் பார்ப்பதற்கு அந்தத் தரவு மதுரை வந்து போக வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. தவிர, சாலைப் பணிக்காகத் தோண்டும்போது ஃபைபர் அறுந்தால் கிளையும் சேர்ந்து முடங்கிவிடும். கிளைக்கு இரண்டு மூன்று ஆக்சஸ் பாயின்ட்டுகள் மட்டுமே என்றால், எங்கள் முதல் பரிந்துரை கிளவுட் நிர்வாகம்தான்.

இப்போது கன்ட்ரோலர் இல்லாமல் தொடங்கி, பிறகு மாற்றிக்கொள்ளலாமா?

சில மாடல்களில் ஃபர்ம்வேரை (கருவிக்குள் இயங்கும் மென்பொருளை) மாற்றினால் அதே ஆக்சஸ் பாயின்ட் கன்ட்ரோலருடன் இயங்கும்; சிலவற்றில் முடியவே முடியாது. விலைப்புள்ளியிலேயே இதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். கேபிள் மட்டும் எந்த முறைக்கும் பொதுவானது. ஆகவே பணத்தை முதலில் நல்ல கேட்6 கேபிளிலும், அதே கேபிள் வழியாக மின்சாரமும் தரும் பிஓஇ சுவிட்சிலும் போடுங்கள்.

வேலையை ஒப்படைக்கும் நாளில் நாங்கள் எதைச் சோதிக்க வேண்டும்?

நிறுவியவர்கள் கிளம்புவதற்கு முன், அவர்கள் முன்னிலையிலேயே கன்ட்ரோலரின் மின்கம்பியை, அல்லது தலைமை ஆக்சஸ் பாயின்ட்டின் கேபிளைப் பிடுங்கச் சொல்லுங்கள். ஒருவர் கைபேசியில் அழைப்பில் இருக்கட்டும். இன்னொருவர் டேப்லெட்டில் பில் போடட்டும். மூன்றாமவர் புதிதாக வைஃபையில் சேர முயலட்டும். என்னென்ன நின்றது, எத்தனை நிமிடத்தில் திரும்பியது என்பதைத் தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். அடுத்து இன்டர்நெட் கேபிளைப் பிடுங்கி அதே மூன்றையும் செய்யுங்கள். நிர்வாகப் பயனர்பெயரும் பாஸ்வேர்டும் உரிம எண்களும் உங்கள் கைக்கு வந்த பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள்.